ரெண்டு வருசத்துப் போன்

திருச்செங்கோடு பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த அந்தப் போன் கடைக்குள் செருப்போடு போகலாமா கூடாதா என்று சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த மறு நிமிடமே கோபமும் வந்தது. இதென்ன கோயிலா, செருப்பைக் கழற்ற? செருப்போடே போனார்.

எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருடம் போர்வெல் வண்டி. ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர். அந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: முன்கூட்டிச் சொல்கிறவனை நம்பாதே. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவன் காட்டில் நடப்பான். தேங்காய் எழுந்து நின்றால் கீழே நீரோட்டமாம். அந்த இடத்தில் எண்ணூறு அடி இறக்கினால் வெறும் புழுதி பறக்கும். தேங்காய்க்காரன் அதற்குள் அடுத்த ஊர் பஸ்ஸில் ஏறியிருப்பான்.

இப்போது தேங்காய்க்குப் பதில் போன் கடையில் ஒரு பெட்டி வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகத்தில் போன் என்றால் இப்போது இரண்டே தளம். ஒன்று ‘அரண்’. பூட்டி வைத்த வீடு மாதிரி. அடுத்தவன் உள்ளே வர முடியாது, ஏழு வருடத்துக்குக் கம்பெனிக்காரன் பழுது பார்த்துக் கொடுப்பான். இன்னொன்று ‘வெளி’. யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம், யார் கைக்கும் மாற்றிவிடலாம். ஆனால் இரண்டே வருடம், அப்புறம் வேலை செய்யாது, வெறும் செங்கல். இதில் எது எவனுக்கு என்று கடைக்காரன் சொல்லக் கூடாது, வாங்குகிறவனும் சொல்லக் கூடாது. பெட்டிதான் சொல்லும். ஒருவனுக்குத் தேவைக்கு மேல் எதையும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. நல்ல சட்டம் என்று ஊரே மெச்சியது. அதற்கப்புறம் பெண் பார்க்கப் போகிறவன்கூட, “பொண்ணு அரணா வெளியா?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தான். த்தூ!

சென்னியப்பன் பேரில் போனே கிடையாது. ஒரு நாளும் வாங்கியதில்லை. “என்ற பேரக் குடுத்தா என்ற தலையெழுத்தையும் சேத்து எடுத்துக்குவான்” என்பார். ஆனால் போன் இல்லாமல் ரேஷன் இல்லை, பஸ் டிக்கெட் இல்லை, ஆஸ்பத்திரியில் டோக்கன் இல்லை. அதனால் அவர் மனைவி வசந்தாமணி பேரில் ஒரு போன் வீட்டில் இருந்தது. பேர்தான் அவளுடையது. விடிகாலை ஐந்து மணிக்கு அது சென்னியப்பனின் சட்டைப் பைக்குள் போனால், டீக்கடை, ரேஷன் கடை, முடிவெட்டும் கடை என்று சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வெளியே வரும். ராத்திரி அவர் தலைமாட்டில் படுக்கும். வசந்தாமணிக்கு அதைத் தொடச் சாயங்காலம் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். வள்ளி கும்மிக் குழுவில் முன்வரிசையில் ஆடுகிறவள் அவள். அறுபத்தைந்து வயதில் ஒன்றரை மணி நேரம் விடாமல் குதிப்பாள். அப்போதும் போன் திடலோரத்தில் உட்கார்ந்திருக்கும் சென்னியப்பன் பையில்தான் இருக்கும்.

அந்தப் பழைய போன் அடுத்த மாதத்தோடு செத்துவிடும் என்று தகவல் வந்ததால்தான் இந்தக் கடை ஏறியது.

கடையில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தன்யஸ்ரீ என்று சட்டையில் பேர் அட்டை குத்தியிருந்தது. பழைய போனை வாங்கி ஒரு வெள்ளைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“அரை மணி நேரம் ஆகுங்கய்யா. உக்காருங்க.”

“என்ன வேணும், ஏது வேணும்னு கேக்க மாட்டயா அம்மிணி?”

“கேக்கறதில்லைங்கய்யா. கேட்டா எல்லாரும் பெருசாச் சொல்லிப்போடறாங்க. போட்டோவே எடுக்காதவங்க கேமரா நல்லா வேணும்பாங்க. அதனால பழைய போன்ல இருக்கறத வச்சே பெட்டி முடிவு பண்ணிக்கும்.”

“மனுசன் பொய் சொல்லுவான், போன் பொய் சொல்லாது. அப்படித்தான?”

“ஆமாங்கய்யா,” என்றாள் அவள், அவர் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

“சும்மா இருங்க மாமா,” என்று வசந்தாமணி அவர் முழங்கையைத் தட்டினாள். “ஏங்கண்ணு, எனக்கு அரண் வருமா? கும்மி ஆடறதப் படம் புடிச்சு, மெதுவா ஓட்டிப் பாக்கோணும். எந்த அடி தப்புதுன்னு பாத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லோணும்.”

“பாக்கலாங்கம்மா.”

அரை மணி கழித்துப் பெட்டி ஒரு சீட்டைத் துப்பியது. தன்யஸ்ரீ அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கடைச் சிரிப்பு கொஞ்சம் பின்வாங்கியது.

“உங்களுக்கு வெளிதாங்கம்மா. ரெண்டு வருசம்.”

“ரெண்டா?” வசந்தாமணி கையை நீட்டிச் சீட்டை வாங்கினாள். “எதிர்வீட்டுத் தங்கமணியக்காவுக்கு எழுவத்தாறு வயசு. சக்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இருக்குது. அதுக்கு அரணு, ஏழு வருசம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. எனக்கு ஏன் ரெண்டு?”

அந்தப் பெண் மேசையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வசந்தாமணி பத்தாவது வரை படித்தவள். சீட்டிலிருந்த பொடி எழுத்துகளைக் கண்ணருகே வைத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

“சலங்கையில ரெண்டு மணி உழுந்துபோச்சு. பக்கத்துக் கடையில குடுத்துட்டு வாரேன். நீங்க பேசிட்டு இருங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவள் படி இறங்கியதும் சென்னியப்பன் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

“இப்பச் சொல்லு. ரெண்டு ஏன்?”

“அது… கம்பெனி கணக்குங்கய்யா.”

“நான் முப்பத்தெட்டு வருசம் ரிக் ஓட்டுனவன் அம்மிணி. மேல மண்ணப் பாத்தே கீழ பாறைன்னு சொல்லுவேன். உன்ற மொகத்துல பாறை தெரியுது. சொல்லு.”

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“தேவைக்கு மேல விக்கக் கூடாதுங்கய்யா. ஒருத்தருக்கு எத்தன வருசம் போன் தேவைப்படுமோ அத்தன வருசத்துதுதான் குடுக்கோணும். கூடக் குடுத்தா கடைக்கு சீல் வச்சிருவாங்க.”

“எத்தன வருசம் தேவைப்படும்னு பொட்டிக்கு எப்படித் தெரியும்?”

“போன் கூடவே இருக்குதுங்களே. நடை, தூக்கம், மூச்சு, பேசற சத்தம்… நாலு வருசத்துது மொத்தமும் இருக்குது. அத வச்சுப் பாக்குது.”

“பாத்து?”

அவள் வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள்.

“ரெண்டு வருசத்துக்கு மேல அவளுக்குப் போன் தேவைப்படாதுங்குது உன்ற பொட்டி.”

“நான் அப்படிச் சொல்லலைங்கய்யா. வெளியில இன்னொரு வசதியும் இருக்குதுங்க. குடும்பத்துல இருக்கறவங்களுக்கு… பின்னால… சுளுவா மாத்திக் குடுத்துரலாம்.”

அந்தப் பெண்ணை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. பெட்டியை அறையலாம், அது அவருக்குத்தான் வலிக்கும். புதுப் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தேங்காய்க்காரன், தேங்காய்க்காரன் என்று வீடு வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். புழுதியைத் தண்ணீர் என்று விற்ற பயல்கள் எல்லாம் செத்து இந்தப் பெட்டிக்குள் பிறந்திருக்கிறார்கள். ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தேங்காய்க்காரன்கூடச் சரியாகச் சொன்னதில்லையா என்று உள்ளே ஒன்று கேட்டது. நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. அதை நினைத்து, அன்று ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

வசந்தாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில், “ஈரோட்டுக்குப் போயி உடம்ப ஒருக்கா செக்கப் பண்ணிட்டு வந்தரலாம்” என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நெசமாத்தான் சொல்றீங்களா?”

“பின்ன?”

“எந்தச் சாமி வந்து உங்க நாக்குல உக்காந்துச்சு?” என்று சொல்லிக்கொண்டே சீலை மாற்றப் போனாள். அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது. சீக்குப் பார்க்கப் போக இவளுக்கு என்ன இத்தனை குஷி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் போனை வாங்கித் தன் பெட்டியில் காட்டினாள்.

“வெளி, ரெண்டா? கடைசி வரிசைக்குப் போங்க.”

“ஏன்? நாங்க வந்து முக்கா மணி நேரமாச்சு. அந்தத் தொப்பக்காரன் இப்பத்தான வந்தான்?”

“அவருக்கு ஏழுங்க. அதிக வருசம் இருக்கறவங்கள மொதல்ல பாக்கோணும்னு உத்தரவு. மருந்து வீணாப் போகக் கூடாதில்லீங்களா?”

“சாகப் போறவனுக்குத்தான்டி வைத்தியம் வேணும்! நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு வருடக்காரர்கள் தங்கள் போனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடக்காரர்கள் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், என்னவோ தப்புச் செய்தவர்கள் மாதிரி. சென்னியப்பன் அங்கே போய் உட்கார்ந்தார். கத்தியதில் மூச்சு வாங்கியது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வசந்தாமணியைக் கூப்பிட்டார்கள். “நானா?” என்று அவள் எழுந்திருக்கவே இல்லை. அவர்தான் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே தள்ளினார். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்ப்பது என்று ஒன்றையும் விடவில்லை. மறுநாளும் வரச் சொன்னார்கள், மறுநாளும் போனார்கள். கடைசியில் டாக்டர் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

“பெரியவரே, உங்க சம்சாரத்துக்கு நாப்பது வயசுக்காரி இருதயம். நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்குது. எதுக்கு இவ்வளவு டெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க?”

சென்னியப்பனுக்குக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. எல்லாவற்றையும் விட, அந்தப் பெட்டியின் மூஞ்சியில் இந்தக் காகிதத்தை விட்டெறிய வேண்டும் போல இருந்தது. “நீங்க வெளிய இருங்க, டாக்டர்கிட்ட ஒன்னு கேட்டுட்டு வாரேன்” என்று அவரைத் துரத்திவிட்டு வசந்தாமணி உள்ளே பத்து நிமிடம் நின்றதையோ, வெளியே வந்தபோது அவள் முகம் இருண்டு கிடந்ததையோ அவர் கவனிக்கிற நிலையில் இல்லை.

திருச்செங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், “நீ போயி சலங்கைய வாங்கிட்டு வா. எனக்கு ஒரு சோலி இருக்குது” என்று சொல்லிவிட்டு நேராகப் போன் கடைக்குள் போனார். காகிதக் கட்டை மேசையில் அடித்தார்.

“படி அம்மிணி! சத்தமாப் படி! கடையில இருக்கறவனெல்லாம் கேக்கட்டும். நாப்பது வயசு இருதயமாம். உன்ற பொட்டிய எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னு!”

தன்யஸ்ரீ ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தாள். அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. “ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருந்தா பெட்டிகிட்ட மறுபடி கேக்கலாங்கய்யா,” என்று அவசரமாகத் திரையைத் திறந்தாள். பிறகு அவள் விரல் நின்றுவிட்டது.

“ஐயா, அம்மா தெனமும் வெடியால அஞ்சரைக்குச் சந்தைப்பேட்டை டீக்கடைக்குப் போறாங்களா?”

“அவ எதுக்குப் போறா? நாந்தான் போறேன்.”

“போற வழியில மூனு எடத்துல நின்னு மூச்சு வாங்கறாங்கன்னு இருக்குது. போன வருசம் ஒரு எடத்துலதான்.”

சென்னியப்பன் திரையை எட்டிப் பார்த்தார்.

“மாசம் ஒருக்கா முடிவெட்டற கடைக்கு…” அவள் மேலே படிக்காமல் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். “ராத்திரியில இருமல். கல்லுப் புழுதி நெஞ்சுல ஏறுனவங்களுக்கு வர்ற இருமல்னு போட்டிருக்குது. ஐயா… இந்தப் போனு யாரு பையில இருக்கும்?”

கடையில் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகில் வேர்த்தது.

நாலு வருடம். தன் பேரை எவனுக்கும் கொடுக்கவில்லை என்று டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திப் பேசிய நாலு வருடமும், அந்தச் சனியன் அதே நெஞ்சுக்கு மேலே உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக எண்ணியிருக்கிறது. பேரைத்தான் கொடுக்கவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, கெட்டிக்காரன் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். இவரைப் போல ஒரு முட்டாளைத் தேங்காய்க்காரன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பயத்தை விட முதலில் வந்தது வேறொன்று. அவளுக்கு இல்லை. அப்பாடா, அவளுக்கு இல்லை. அதற்குப் பின்னால்தான் மற்றது மெதுவாக வந்து நின்றது.

“அவளுக்குச் சொல்லிப்போடாத அம்மிணி,” என்றார்.

“யாருக்குச் சொல்லிப்போடாத?”

வாசலில் சலங்கைப் பையோடு வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

“இதுல அன்னைக்கே போட்டிருக்குது கண்ணு. நடையில தளர்ச்சி, மூச்சுத் திணறல், இருமல்னு. எனக்கு என்னைக்கு இருமல் வந்துச்சு? இருமறது யாருன்னு பொட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? நாலு வருசமாப் பக்கத்துல படுத்துக் கேட்டுட்டுத்தான இருக்கறேன்?”

“அப்ப அன்னைக்கே சொல்றதுக்கென்ன?” என்று சென்னியப்பன் சீறினார்.

“சொன்னா? ‘பொட்டி சொல்றத நம்பறயா, உனக்கு மூளை இருக்குதா’ன்னு கத்தியிருப்பீங்க. நீங்களாக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் சலங்கைய எடுத்துட்டு வெளிய போனேன். மறுநா ‘ஈரோட்டுக்குப் போலாம்’னாரு கண்ணு. ஆகா, இந்த மனுசனுக்கும் புத்தி வந்துருச்சுன்னு கெளம்பிப் போனா, என்னயப் புடிச்சு உள்ள தள்ளி ரெண்டு நாளா ரத்தம் எடுக்க வச்சுட்டாரு! இந்தக் கொடுமைய எங்க போயிச் சொல்ல?”

தன்யஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“டாக்டர்கிட்டத் தனியாக் கேட்டேன். ‘வெளிய நிக்கறாரே, அவரையும் பாத்துருங்க சாமி’ன்னு. பேர்ல போன் இல்லாதவங்களத் தொடவே கூடாதாம்.” வசந்தாமணி மேசையைத் தட்டினாள். “அதனால இவருக்கு ஒரு போன் போடு. இவரு பேர்ல.”

“எனக்கு வேண்டாம்,” என்றார் சென்னியப்பன்.

“உங்கள ஆரு கேட்டா?”

“வாங்கி என்ன பண்றது? ரெண்டு வருசம்னு குடுப்பான். கடைசி பெஞ்சுல கொண்டுபோயி உக்கார வைப்பான். அங்க உக்காந்து சாகறதுக்கு ஊட்டுலயே சாகலாம். அவனுக்கு என்ற பேரையும் குடுத்துட்டுச் சாகோணுமா?”

வசந்தாமணி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கும்மித் திடலில் அடி தப்புகிற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இதற்கு என்ன செய்வது?

“சென்னியப்பன்,” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. “அப்பன் பேரு காளிங்கராயன். போடு.”

தன்யஸ்ரீ பேரைத் தட்டினாள். கட்டை விரலை வைக்கச் சொன்னாள். பாறையும் கிரீசும் தின்ற விரலில் ரேகையே இல்லை. நாலு தடவை வைத்த பிறகுதான் எடுத்துக்கொண்டது. பெட்டி முனகியது. இந்தத் தடவை அரை மணி நேரம் ஆகவில்லை. ஒரு நொடியில் சீட்டு வந்து விழுந்தது.

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“அரணுங்கய்யா. ஏழு வருசம்.”

“என்னது?”

“உங்களப் பத்திப் பெட்டிக்கு ஒன்னுமே தெரியலைங்கய்யா. பழைய போனெல்லாம் அம்மா பேர்லதான இருக்குது? ஒருத்தரப் பத்தி ஒன்னும் தெரியலைன்னா குறைச்சுக் குடுக்கக் கூடாது, முழுசாக் குடுக்கோணும். அதும் சட்டத்துலயே இருக்குது. நாளைக்கே ஈரோட்டுக்குப் போங்க. மொத வரிசைதான்.”

சென்னியப்பன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பால் மாதிரி வெளுத்து, ஒன்றுமே தெரியாத குழந்தை போல உட்கார்ந்திருந்தது. நல்ல உடம்புக்காரிக்கு இரண்டு வருடம், நெஞ்செல்லாம் கல்லுப்பொடி அப்பியவனுக்கு ஏழு வருடம். இதை வைத்துத்தான் நாட்டில் யாருக்கு மருந்து, யாருக்குக் கடைசி பெஞ்சு என்று முடிவு செய்கிறார்கள்.

“இந்த ரிப்போர்ட்ட வச்சு அம்மாவுக்கும் ஏழு ஆக்கிரலாங்க,” என்றாள் தன்யஸ்ரீ, அவர் பையிலிருந்த வெளியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு. “ஆனா ஐயாவுக்குத்தான்… ஆறு மாசத்துக்கு ஒருக்கா பெட்டி மறுபடி பாக்கும். அதுக்குள்ள உங்க நடை, மூச்சு எல்லாம் புதுப் போன்ல ஏறியிருக்கும். ஏழ ரெண்டாக்கிரும். வைத்தியம் பாதியில நின்னாலும் நின்னுருங்கய்யா.”

அவளால் முடிந்ததைச் சொல்லிவிட்டாள். சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு, புதுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கடைக்கு வெளியே நாலு படி. இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். வசந்தாமணி அவர் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

“இங்க குடுங்க. இனி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும்தான் இது உங்களுக்கு.”

“அது என்ற பேர்ல இருக்கறதுடி!”

“பேரு உங்களுதாவே இருக்கட்டும்.” அவள் அதைத் தன் இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். “இன்னைக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கும்மி. சென்னியப்பன் எப்படி ஆடறாருன்னு பொட்டி எண்ணிக்கட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு இருமலும் வந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருமினார். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அவர் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை.